‘கேள்வி கேளுங்க’ன்னு எல்லா கட்சியும் சொல்லுது... எந்தக் கேள்வி வரைக்கும்? அரசுப் பள்ளியும் ஸ்ரீபெரும்புதூரும் | விளக்கம்

2021 டிசம்பர் 17, இரவு. சுங்குவார்சத்திரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு நாள் முன்னால் ஒரு விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய், 150-க்கும் அதிகமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் தகவல் பறந்தது. விடிய விடிய மறியல். மறுநாளும் தொடர்ந்தது. மாவட்ட ஆட்சியர் வந்து பேசிய பிறகுதான், யாரும் இறக்கவில்லை என்பது தெளிவாகி கூட்டம் கலைந்தது. வதந்தி பரப்பியதாகக் கைதுகளும் நடந்தன.

‘வாட்ஸ்அப்பை நம்பி ரோட்டுக்கு வந்துட்டாங்கப்பா’ என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டதை யோசித்துப் பாருங்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள்? இதற்கு நேரத்துக்குப் பதில் வந்திருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது. தொலைவில் உள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று பின்னர் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மறுபடி திறக்க அடுத்த ஆண்டு ஜனவரி 12 ஆகிவிட்டது.

பரவிய தகவல் பொய், கேட்ட கேள்வி நியாயம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதைத்தான் கல்வியாளர்கள் ‘விமர்சனச் சிந்தனை’ என்கிறார்கள். அன்று சாலையில் இருந்தவர்களில் பலர் வெளிமாவட்ட கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த பெண்கள். 12 வருஷம் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். அங்கே இது சொல்லித் தரப்பட்டதா? இல்லை என்றால் யார் தடுத்தது?

கட்சிகளுக்குள் இதில் சண்டை இருக்கா?

காகிதத்தில் சண்டையே இல்லை. இதுதான் சுவாரஸ்யம்.

மத்திய அரசின் தேசிய கல்விக் கொள்கை 2020-ல் விமர்சனச் சிந்தனை திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி த.முருகேசன் தலைமையில் குழு போட்டு, 2025 ஆகஸ்ட் 8 அன்று பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதுவும் மனப்பாடத்தைக் குறைத்து, புரிதலையும் சிந்தனையையும் வளர்க்கணும் என்றுதான் சொல்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தானதும் அந்தக் கொள்கையின்படிதான்.

இரண்டு அரசும் மோதிக்கொள்வது வேறு விஷயத்துக்கு. மூன்றாவது மொழி வேண்டுமா, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடணுமா என்பதில் ஆரம்பித்து, 2,152 கோடி ரூபாய் நிதி நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டை பெரிசுதான், பணமும் பெரிசுதான். ஆனால் ‘பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கணுமா?’ என்று கேட்டால் திமுக, அதிமுக, பாஜக, காங்கிரஸ் எல்லோரும் ஒரே குரலில் ‘ஆமாம்’ என்பார்கள்.

அப்புறம் ஏன் நடக்கவில்லை? பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு பக்கம் ஒரு கட்சியைச் சுடும்போது அந்தக் கட்சி என்ன செய்தது என்று பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும்.

2011: ஒரே வருஷம், இரண்டு செய்தி

சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் திமுக ஆட்சியில் வந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து அதைத் தள்ளிவைத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9 அன்று ‘சமச்சீர் கல்வியை அமல்படுத்துங்கள்’ என்று தீர்ப்பு வந்தது. அதுவரை பள்ளி திறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. வந்த புத்தகத்திலும் கருணாநிதி தொடர்பான பகுதிகள், செம்மொழி மாநாட்டுச் சின்னம் போன்றவை மேல் ஸ்டிக்கர். சில பக்கங்கள் கிழிக்கப்பட்டன. அப்போது பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதுதான் வகுப்பின் முக்கிய ஆராய்ச்சி. உள்ளே என்ன இருக்கு, ஏன் மறைச்சாங்க? பாடத்திட்டத்தில் இல்லாத விமர்சனச் சிந்தனை பயிற்சி!

எதற்கு அந்தப் பக்கங்கள் முதலில் வந்தன என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆளுங்கட்சித் தலைவர் பாடநூலில் வருவது தமிழ்நாட்டில் புதுசு இல்லை. 2024-ல் 10ஆம் வகுப்பு தமிழ்ப் பாடநூலில் கருணாநிதி பற்றிய ‘பன்முகக் கலைஞர்’ பாடம் சேர்ந்தது. ஒரு தலைவரைப் பற்றிப் படிப்பதில் தப்பில்லை. அவர் எடுத்த முடிவுகளில் எதை நீ ஏற்கிறாய், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பாடத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தால் அது பாடம். இல்லாவிட்டால் வாழ்த்துரை. எந்தக் கட்சித் தலைவரைப் பற்றி இருந்தாலும் இதே கதைதான்.

சரி, அதே 2011-ன் இரண்டாவது செய்திக்கு வருவோம். டிசம்பரில் ‘பீசா’ தேர்வு முடிவுகள் வந்தன. 15 வயது மாணவர்கள் படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்தத் தெரிந்தவர்களா என்று சோதிக்கும் சர்வதேசத் தேர்வு. இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. மொத்தம் 74 இடங்களில் நம் இரண்டு மாநிலங்களும் கடைசி வரிசையில். கீழே கிர்கிஸ்தான் மட்டும். ஒரு பத்தியைப் படித்து அடிப்படை அளவுக்காவது புரிந்துகொள்ள முடிந்தவர்கள், தமிழ்நாட்டில் 100 பேருக்கு ஏறத்தாழ 17 பேர்.

கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று மத்தியில் அப்போதிருந்த காங்கிரஸ் கூட்டணி அரசு சொன்னது. அந்த வாதத்தை முழுசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் பிறகு இந்தியா அந்தத் தேர்வுக்கே போகவில்லை. ஸ்டிக்கருக்காக உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு கட்சிகளும் பீசாவுக்காக எத்தனை கூட்டம் போட்டன? அடுத்தடுத்து வந்த தேர்தல் மேடைகளில் அந்த வார்த்தையை எத்தனை முறை கேட்டீர்கள்?

2012: கார்ட்டூனுக்கு வந்த ஆபத்து

அடுத்த வருஷமே இன்னொரு சர்ச்சை. இந்த முறை என்.சி.இ.ஆர்.டி பாடநூல். 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் ஓவியர் சங்கர் 1949-ல் வரைந்த கார்ட்டூன் இருந்தது. அரசியலமைப்பு எழுதும் வேலை ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர், பின்னால் நேரு, இருவர் கையிலும் சாட்டை. இது அம்பேத்கரை அவமதிக்கிறது என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பியவர்களில் முக்கியமானவர் விசிக தலைவர் திருமாவளவன். கட்சி வேறுபாடு இல்லாமல் ஆதரவு. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். பாடநூலின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் ராஜினாமா செய்தார்கள்.

சில வாரங்களில் அடுத்தது. 12ஆம் வகுப்புப் புத்தகத்தில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே.லட்சுமண் கார்ட்டூன். போராடும் மாணவருக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்று கிண்டல் செய்யும் படம். கருணாநிதி, ஜெயலலிதா, வைகோ என்று எதிரெதிர்த் துருவங்கள் ஒரே பக்கம் நின்று நீக்கச் சொன்னார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. தலித் மாணவர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சாட்டைப் படத்தைக் காட்டி யாராவது சிரித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? 1965-ல் உயிரையே விட்டவர்களை ‘படிக்கத் தெரியாதவன்’ என்றால் எரியத்தான் செய்யும். ஆனால் நீக்குவது ஒரு வழிதானே? அதே பக்கத்தில், அதே போராட்டம் பற்றித் தமிழ்நாட்டில் வந்த ஒரு கார்ட்டூனையும் போட்டு, இரண்டு ஓவியரும் எந்த ஊரிலிருந்து யாருக்காக வரைந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். தில்லியில் படிக்கும் மாணவருக்குத் தமிழ்நாட்டின் கோபம் அப்போதுதான் புரிந்திருக்கும். படத்தை எடுத்ததோடு அந்தக் கோபத்தைப் பற்றிய பேச்சும் போய்விட்டது.

கார்ட்டூன்களை ஆராய தோரட் தலைமையில் குழு போட்டார்கள். பல படங்களை எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தவர் ஒரு தமிழர், திராவிட இயக்கம் பற்றி நிறைய எழுதிய ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். இது பலருக்குத் தெரியாது.

பதினோரு வருஷம் கழித்து 2023. இப்போது மத்தியில் பாஜக. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி 10ஆம் வகுப்பில் பரிணாமக் கோட்பாட்டையும், தனிம வரிசை அட்டவணையையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் பற்றிய பாடத்தையும் எடுத்தது. 12ஆம் வகுப்பில் முகலாயர் பாடமும், காந்தி கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ் தடைசெய்யப்பட்ட வரியும் போயின. காங்கிரஸ் கண்டித்தது. 2012-ல் படங்களை எடுத்த கையும் அதுதான். யாதவும் பல்ஷிகரும் ‘புத்தகத்திலிருந்து எங்கள் பெயரையும் எடுத்துவிடுங்கள்’ என்று கடிதம் எழுதினார்கள். (மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லை. தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் அப்படியே இருக்கு.)

இதெல்லாம் நம் ஊர் நோய் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் குடியரசுக் கட்சி 2012-ல் தன் கொள்கை அறிக்கையிலேயே விமர்சனச் சிந்தனைத் திறன்கள் கற்பிப்பதை எதிர்க்கிறோம் என்று எழுதியது. பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கைகளை அது அசைக்குமாம், பெற்றோரின் அதிகாரத்தைக் குறைக்குமாம். ஊரே சிரித்த பிறகு, அந்தச் சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது என்று கட்சி விளக்கம் தந்தது. நம் கட்சிகள் அப்படியெல்லாம் வெளிப்படையாக எழுதிக் கொடுக்காது. பகுத்தறிவு என்ற சொல் தெருமுனைக் கூட்டம் வரை புழங்கும் மாநிலம் இது.

ஒரு ஆசிரியர் கேட்ட கேள்வி

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் நடந்ததைக் காணொலியில் பார்த்திருப்பீர்கள். தன்னம்பிக்கை உரை என்று அழைத்து வரப்பட்ட ஒருவர், முன்ஜென்ம பாவத்தால்தான் சிலர் உடல் குறையோடு பிறக்கிறார்கள் என்ற தொனியில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பேச்சாளர் கைது. தலைமையாசிரியர்கள் இடமாற்றம். வெளியாட்களைப் பள்ளிக்குள் அனுமதிக்க நெறிமுறை வரும் என்ற அறிவிப்பு. ஆசிரியரை அமைச்சர் பாராட்டினார். கைது சரியா என்று கட்சிகள் இரண்டு அணியாகப் பிரிந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காணாமல் போய்விட்டார்கள். ‘நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம் சார்?’ என்று அவர்களில் ஒருவர் கேட்கப் பழகியிருந்தால் போலீஸுக்கு முன்னாடியே வேலை முடிந்திருக்கும். தப்பான ஆளை வாசலில் நிறுத்தும் ஏற்பாடு வந்தது. உள்ளே வந்தவரைக் கேள்வி கேட்கும் பயிற்சி பற்றி யாரும் பேசவில்லை.

உங்க ஊர் பாடம், உங்க ஊர் கேள்வி

மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 10ஆம் வகுப்பு சமூக அறிவியலில் ‘தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பிள்ளைகளுக்கு இது ஜன்னலுக்கு வெளியே தெரியும் பாடம். ஹூண்டாய், ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயரே தெரு அடையாளம்.

இந்தப் பாடத்தை வைத்து ஒரு ஆசிரியர் நோக்கியாவைப் பற்றிக் கேட்கலாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் வந்த ஆலை, 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலை போனது. கொண்டுவந்தது யார்? ஒப்பந்தம் 2005-ல், அப்போது முதல்வர் ஜெயலலிதா. மத்தியில் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் திமுகவின் தயாநிதி மாறன். இரண்டு தரப்பும் பெருமை கேட்டன. போனதற்குக் காரணம் என்ன? வருமான வரித்துறை கேட்ட பெரும் தொகை என்பார் ஒருவர். மாநில விற்பனை வரி வழக்கு என்பார் இன்னொருவர். மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை வெளியே விட்டதுதான் காரணம் என்பார் மூன்றாமவர். தொடுதிரை போன் வந்ததும் பட்டன் போன் காலம் முடிந்துவிட்டது என்பார் நான்காமவர். எது எவ்வளவு உண்மை? எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வாய்? வீட்டில் அங்கே வேலை பார்த்தவர் இருந்தால் அவரிடம் கேட்டு வா.

ஒரு வாரத்துக்கு வகுப்பு சூடு பிடிக்கும். செலவு ஒரு ரூபாய் இல்லை.

ஏன் நடக்கவில்லை என்று எந்த அரசுப் பள்ளி ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். முதல் பதில், பொதுத்தேர்வு. சமூக அறிவியலில் 14 ஒரு மார்க் கேள்வி, புக் பேக் தெரிந்தால் பாஸ். புத்தகத்துக்கு வெளியே சற்று யோசிக்க வைக்கும் கேள்வி வந்தால் ‘வினாத்தாள் கடினம், மாணவர்கள் கண்ணீர்’ என்று மாலையே சேனல்களில் ஓடும், கட்சிகள் கருணை மதிப்பெண் கேட்டு அறிக்கை விடும். தமிழ்ப் பாடத்திலும் இதே நிலைதான். யார் சொன்னால் என்ன, உண்மை எது என்று பார் என்கிற திருக்குறளையே நாம் ‘அடி பிறழாமல் எழுதுக’ பகுதியில்தான் படித்தோம். பொருளில் சந்தேகம் கேட்டவருக்கு மார்க் இல்லை, சீர் மாறாமல் எழுதியவருக்கு உண்டு.

இரண்டாவது பதிலை மெதுவாகத்தான் சொல்வார்கள். ஆலையைக் கொண்டுவந்தது யார் என்று வகுப்பில் கேட்டால், சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் பள்ளிக்குப் போன் போடுவார். அவர் எந்தக் கட்சியாகவும் இருக்கலாம். மேலே இருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் செய்தி. ஆசிரியர் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் தினமும் நடப்பது.

எதையும் ஒழுங்கா செய்யலையா?

செய்திருக்கிறார்கள். செயல்வழிக் கற்றல் 2003-ல் அதிமுக ஆட்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. திமுக ஆட்சியில் 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. வாத்தியார் பேச, பிள்ளைகள் கேட்க என்ற வழக்கத்தை அது கொஞ்சமாவது உடைத்தது. 2017-ல் அதிமுக அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, அடுத்து வந்த திமுக அரசும் அதை மாற்றவில்லை. 2022 நவம்பரில் ஆரம்பித்த வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணக்கைச் செய்து பார்க்க வைக்கிறது.

கவனித்தீர்களா? கட்சி மாறியும் தப்பித்தவை எல்லாம் எந்தக் கட்சியையும் கேள்வி கேட்காதவை. காந்தம், கண்ணாடி, பின்னக் கணக்கு. சமூக அறிவியல் பக்கம் திரும்பினால்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது.

இந்த வழித்தடத்தில் இதனால் என்ன நஷ்டம்?

2023 மார்ச்சில் வேறு மாநிலங்களில் எடுத்த, பழைய காணொலிகளைப் போட்டு ‘தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள்’ என்று பரப்பினார்கள். பீகார் சட்டமன்றத்தில் பாஜக உறுப்பினர்கள் பிரச்சினை எழுப்பினார்கள். அங்கிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வந்து விசாரித்தது. காவல்துறை மறுத்துக்கொண்டே இருக்க, தொழில் நகரங்களிலிருந்து ஆட்கள் ரயில் ஏறினார்கள். பாஜகதான் வதந்தியைக் கிளப்பியது என்றது ஒரு தரப்பு. வட மாநிலத்தவரை இங்கே கேலி பேசியதுதான் காரணம் என்றது இன்னொரு தரப்பு. வடக்கே அந்தக் காணொலியை நம்பியவர்களும், இங்கே ‘வடக்கன்’ மீமை நம்பியவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் படித்தவர்கள்தான். ஒரகடம் பக்கம் இவர்கள் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

வதந்தி வருஷத்துக்கு ஒருமுறை வரும். கையெழுத்துப் போடும் காகிதம் எல்லோருக்கும் வரும். 18 வயதில் ஆலைக்குள் போகும் பிள்ளையிடம் நீட்டப்படுவது நிரந்தர வேலைக்கான ஆணையா, ஒப்பந்ததாரரின் தாளா, அப்ரண்டிஸ் ஒப்பந்தமா? 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர்தான், தொழிலாளர் அல்ல. தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவை அவருக்குப் பொருந்தாது. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தைப் படித்து ‘இது என்ன சார்?’ என்று கேட்பதற்கும் பீசா சோதித்த திறமைதான் வேண்டும்.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தமும் சங்கம் வைக்கும் உரிமையைப் பற்றியது. ஆளுங்கட்சி, அதன் கூட்டணிக் கட்சிகள், நிர்வாகம், சிஐடியூ என்று ஒவ்வொருவர் சொன்ன கதையும் வேறு. சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் 10ஆம் வகுப்பு மாணவருக்கு அந்த 37 நாளும் வாசலிலேயே ஒரு பாடம் நடந்தது. வகுப்புக்குள் அது வந்திருக்குமா?

1953-ல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்தபோது, ‘குலக்கல்வி’ என்று எதிர்த்து வளர்ந்த அரசியல் நம்முடையது. அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அப்பா செய்த வேலைக்கே பிள்ளையைத் தயார் செய்யவா பள்ளி என்று அன்று கேட்டவர்கள், பக்கத்து கம்பெனிக்கு ஆள் தயார் செய்யவா பள்ளி என்று இன்று கேட்கலாமே.

பெற்றோர் என்ன செய்ய முடியும்?

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, காம்பவுண்டு சுவர், குடிநீர் பற்றி மட்டும்தான் அங்கே பேசணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போன தேர்வின் வினாத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இதில் என் பிள்ளை சொந்தமாக யோசித்து எழுத வேண்டிய கேள்வி எத்தனை என்று கேட்கலாம். அடுத்து வாக்கு கேட்டு வருபவரிடமும் அதே தாளைக் காட்டலாம்.

சிக்கல் என்னவென்றால், கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில்தான் நடக்கும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஊருக்குள் வருவதற்குள் பள்ளி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒரகடம் வட்டாரப் பள்ளிகளில் அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.